மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே

ஜனவரி 18, ஞாயிறு

ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னதால் எழுதுகிறேன். "தினமும் என்ன சாப்பிட்டார், எடை எவ்வளவு, காய்ச்சல் இருந்துச்சா, எல்லாம் குறிச்சு வைங்கம்மா" என்றாள். ஜவுளிக்கடையில் சும்மா கொடுத்த டைரி ஒன்று கிடந்தது. வெறும் இட்லிக் கணக்காக எழுதினால் எனக்கே சிரிப்பு வரும். அதனால் மனதில் படுவதையும் சேர்த்து எழுதப்போகிறேன். யார் படிக்கப்போகிறார்கள்!

காலை இட்லி இரண்டு. மதியம் ரசம் சாதம். இரவு இட்லி ஒன்று. எடை அறுபத்திரண்டு. காய்ச்சல் இல்லை.

என் வீட்டுக்காரர் சென்னியப்பனுக்குக் குரல்வளையில் கட்டி. புற்று. "ஆரம்பத்துலயே வந்துட்டீங்க, சரியாக நல்ல வாய்ப்பிருக்கு" என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும். நாளை முதல் கோயம்புத்தூரில் கதிர்வீச்சு. சனி, ஞாயிறு, விடுமுறை தவிர ஏழு வாரம் தினமும். ஒரு நாளும் விடக்கூடாதாம், விட்டால் பலன் குறையுமாம். முடியும்வரை பேசவும் கூடாது. இவர் மில்லில் எலக்ட்ரீஷியன். தூக்கத்தில்கூட ஒயரிங்கைப் பற்றிப் பேசுகிற ஆளிடம் போய் பேசாதே என்றால் எப்படி.

எங்களுக்குக் குழந்தை இல்லை. ஆகவே பொள்ளாச்சியிலிருந்து கோயம்புத்தூர் வரை காரை நான்தான் ஓட்ட வேண்டும். லைசென்ஸ் எடுத்து நாலு வருஷம் ஆகிறது, பாதி வழியில் இருக்கிற கிணத்துக்கடவைத் தாண்டி ஓட்டியதில்லை. நான் ஜாக்கெட் தைக்கிறவள். எனக்குத் தெரிந்ததெல்லாம் தையல் மெஷின் பெடல். சாமி, நீதான் கூட உட்கார்ந்து வரவேண்டும்.

ஜனவரி 19, திங்கள்

போய்விட்டு வந்துவிட்டோம். உக்கடம் மேம்பாலத்தில் ஒரு பஸ்காரன் ஹாரன் அடித்தே என் உயிரை எடுத்தான். இவர் பேச முடியாமல் காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். உள்ளே படுக்கவைத்து, முகத்தின் மேல் வலை மாதிரி ஒரு மூடியை வைத்து அழுத்தினார்களாம். வெளியே வந்தபோது கன்னமெல்லாம் கட்டம் கட்டமாகத் தடம். கேலி செய்தேன். சிரித்தார்.

இட்லி இரண்டு, தயிர் சாதம், கஞ்சி.

ஜனவரி 22, வியாழன்

வீட்டில் சண்டை. ஒருத்தர் கத்தி, ஒருத்தர் எழுதிப் போட்ட சண்டை.

முன் இடது சக்கரத்து இரும்பு ரிம் எப்போதோ குழியில் விழுந்து நெளிந்திருக்கிறது. தினமும் காலையில் காற்று இறங்கிக் கிடக்கிறது. மற்ற மூன்றும் துருப்பிடித்தவைதான். இவர் என் துணி வெட்டும் மேசையில், நான் துணியில் கோடு போடுகிற சாக்பீஸை எடுத்து, "நாலுக்கும் அலாய் ரிம் போட்டுடலாம்" என்று எழுதினார். எனக்கு வந்ததே கோபம். இந்த நேரத்தில் சீன் கேக்குதா என்றேன். "கார் வாங்கின நாள்ல இருந்து ஆசை" என்று எழுதினார். அப்புறம் அதை அழித்துவிட்டு, "தினமும் ஓட்டறது நீ. சக்கரம் நல்லா இருக்கோணும்" என்று எழுதினார்.

பேசுகிற மனுஷன் என்றால் பதிலுக்குப் பேசி ஜெயித்துவிடலாம். எழுதினதை என்ன செய்வது? சரி என்று சொல்லிவிட்டேன்.

தொண்டை எரிகிறதாம். காரம் அடியோடு நிறுத்தம்.

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தினம், மெஷினுக்கும் லீவு. ரபீக் தம்பி டயர் கடைக்குப் போனோம். வால்பாறை ரோட்டில் சின்னக் கடை, ஆனால் வாயும் மனசும் பெரிசு. இவர் முன்பே போனில் படம் பார்த்துப் பிடித்துப்போயிருந்த ரிம்கள் வந்திருந்தன. சாம்பல் நிறம், நட்சத்திரம் மாதிரி ஐந்து கை. அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். பழையதைவிட நல்ல அகலம்.

ரபீக் தம்பி காரை ஜாக்கியில் தூக்கி மாட்டினார். "அக்கா, நாலு ஓட்டையும் டக்குனு உக்காந்துருச்சுங்க. சக்கரத்தைச் சுத்திப் பாருங்க, எங்கயாச்சும் தொடுதா? தொடலீங்கல்ல?" நானும் சுற்றிப் பார்த்தேன். எங்கும் தொடவில்லை. இறக்கி, நாங்கள் இருவரும் ஏறி ஒரு ரவுண்டு போய் வந்தோம். மெத்தை மாதிரி போயிற்று. டயர் மட்கார்டைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நின்றது. "அதாங்க ஸ்டைலு" என்றார் ரபீக் தம்பி.

இவர் என்னை விடவில்லை. ஸ்பேனரை என் கையில் கொடுத்து, நட்டுகளை வரிசையாக முடுக்காமல் எதிர் எதிராக முடுக்கச் சொல்லிச் சைகை காட்டினார். நடுரோட்டில் நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு நான் குந்தியிருந்தேன். எனக்கெதுக்குங்க இதெல்லாம், நீங்க இருக்கீங்கல்ல என்றேன். அவர் அடுத்த நட்டைக் காட்டினார்.

பிப்ரவரி 1, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை முழுக்க எழுதியே தீர வேண்டும்.

பாக்கியம் நங்கை, அதாவது இவருடைய அக்கா, காலையிலேயே குடும்பத்தோடு வந்து இறங்கினார். ஆனைமலை மாசாணியம்மனுக்குப் போகோணுமாம், புது ரிம் போட்ட காரிலேயே போகோணுமாம். நங்கை தனி ஆளே இரண்டு ஆள் இருப்பார். அவர் வீட்டுக்காரர், மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், நாங்கள் இரண்டு பேர். எட்டுப் பேர். அஞ்சு பேர் போகிற கார் என்று சொன்னேன். "அட, உள்ள தள்ளி உக்காந்தா ஆச்சு கண்ணு" என்றார். நங்கை சொன்னால் அப்பீல் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து அதுதான் நிலைமை.

கோயிலில் நங்கை மிளகாய் அரைத்தார். திருடு போனவர்களும் அநியாயம் நடந்தவர்களும் அங்கே கல்லில் மிளகாய் அரைத்து அம்மனுக்குப் பூசுவது வழக்கம். நங்கை தம்பியின் கட்டிமேல் கேஸ் போட்டார். "எவன் என்ற தம்பி தொண்டைல வந்து உக்காந்தானோ, அவன் எரிஞ்சு போகோணும் தாயி!" என்று சத்தமாகவே சொல்லி அரைத்தார். கண்ணில் தண்ணீர் ஓடியது, மிளகாயால் மட்டுமல்ல. நானும் இரண்டு இழுப்பு இழுத்தேன்.

திரும்பும்போதுதான் ஆரம்பித்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னால் "கர்ர்ர்" என்று ஒரு சத்தம். திருப்பத்தில் முன்னாலும். "என்ன கண்ணு, உன்ற கார்ல பெருச்சாளி பூந்துருச்சா?" என்றார் நங்கை. அப்புறம் ரப்பர் கருகுகிற நாற்றம். நிறுத்தி இறங்கிப் பார்த்தோம். மட்கார்டு விளிம்பு டயரின் வெளிப்பக்கத்தைக் கத்தி வைத்துச் சீவின மாதிரி சீவியிருந்தது. உள்ளே நூல் தெரிந்தது.

இந்தத் தேய்மானத்தோடு நாளை காலை கோயம்புத்தூர் ரோட்டில் போயிருந்தால்? பக்கத்து சீட்டில் இவரை வைத்துக்கொண்டு? தினமும் போகும்போது சத்தமே வராததற்குக் காரணம் நாங்கள் இரண்டே பேர் போனதுதான். அதில் ஒருத்தர் எடை ஐம்பத்தொன்பதுக்கு இறங்கிவிட்டது.

எல்லாரையும் பஸ் ஏற்றிவிட்டு, காரை மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: நங்கை, நீங்கள் குண்டாக இருப்பதற்கு நன்றி.

பிப்ரவரி 2, திங்கள்

ரபீக் தம்பிக்கு நேற்றே போன் செய்தேன். என்னைத் திட்டுவார் அல்லது மழுப்புவார் என்று நினைத்தேன். "அக்கா, என்ற தப்புங்க. அண்ணனுக்கு ட்ரீட்மென்ட் தவறக் கூடாது, விடியறப்ப வந்துருங்க" என்றார். விடிகிற நேரத்தில் கடையைத் திறந்து, பழைய இரும்பு ரிம்களையே வேறு டயரோடு மாட்டி, நெளிந்ததைத் தட்டிச் சரிசெய்து அனுப்பினார். குறித்த நேரத்துக்கு இவர் மெஷினில் படுத்துவிட்டார். தவறவில்லை. தவறவில்லை என்று இரண்டு முறை எழுதுகிறேன்.

பிப்ரவரி 5, வியாழன்

கஞ்சி அரை டம்ளர். மறுபடியும் அரை டம்ளர். எடை ஐம்பத்தெட்டு.

பிப்ரவரி 8, ஞாயிறு

மேசை முழுக்க வட்டம். பாவாடைத் துணி வெட்டவேண்டிய இடத்தில் கார் சக்கரம் வரைந்து வைத்திருக்கிறார். ரபீக் தம்பியும் வந்துவிட்டார், கழற்றின ரிம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு.

எனக்குப் புரிந்ததை எழுதிவைக்கிறேன். ஓட்டை பொருந்தினால் மட்டும் ரிம் பொருந்தாது. ரிம்மின் அகலத்துக்கு நடுவில் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். காரோடு போய் ஒட்டுகிற முகம் அந்த நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறதோ, அதற்குத்தான் ஆஃப்செட் என்று பேர். அந்த எண் பெரிதானால் சக்கரம் உள்ளே போகும், சின்னதானால் வெளியே வரும். ரிம்மின் முதுகில் அச்சடித்தே இருக்கிறது. பழையதில் 45, புதியதில் 35. யாரும் திருப்பிப் பார்க்கவில்லை! முகத்தைப் பார்த்தே மயங்கிவிட்டோம்.

எண்ணில் குறைந்த பத்து மில்லிமீட்டர் ஒரு பக்கம். ரிம் ஒன்றரை அங்குலம் அகலம் கூடினதில் பாதி வெளிப்பக்கம் வரும், அது பத்தொன்பது. ஆகமொத்தம் இருபத்தொன்பது மில்லிமீட்டர் வெளியே. என் இன்ச் டேப்பில் வைத்துப் பார்த்தால் ஓர் அங்குலத்துக்கு மேல். ஜாக்கெட்டில் ஓர் அங்குலம் தப்பினால் வாடிக்கைக்காரி என் தலையில் எறிந்துவிட்டுப் போவாள்.

"அதெல்லாம் சரிங்கண்ணா. ஆனா மாட்டினப்ப எங்கயும் தொடலியே, அது ஏன்?" என்று ரபீக் தம்பி தலையைச் சொறிந்தார். இவரும் சாக்பீஸைப் பிடித்தபடி யோசித்தார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஏனுங்க, ஜாக்கெட் போட்டுட்டுக் கையத் தொங்கப் போட்டு நின்னா எல்லாருக்கும்தான் பொருந்தும். பூ வெக்கக் கையத் தூக்கினாத்தான் அக்குள்ல கிழியும். அதனாலதான் நான் கையத் தூக்கச் சொல்லி அளவு பாக்கறேன். நீங்க ரெண்டு பேரும் காரை ஜாக்கில தொங்கவிட்டுட்டு அளவு பாத்திருக்கீங்க. ஆளு ஏறினா கார் எறங்குமல்ல? சக்கரம் மேல போயி மட்கார்டுக்குள்ள பூருமல்ல? அப்பப் பாக்கோணும்!"

இரண்டு பேரும் வாயைப் பிளந்தார்கள். ரபீக் தம்பி எழுந்து எனக்குக் கும்பிடு போட்டார். இவர் மேசையில் ஏதோ எழுதினார். "டாக்டர் கோகிலவாணி" என்று என் பேர் இருந்தது. போங்க என்று சொல்லிவிட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு இவர் தோள் குலுங்கச் சிரித்ததைப் பார்த்தேன். சத்தம்தான் வரவில்லை.

பழைய 45 எண்ணிலேயே, அரை அங்குலம் மட்டும் அகலம் கூடின ரிம் போடுவதென்று முடிவு. அப்படியானால் வெளியே ஆறு மில்லிமீட்டர்தான் வரும், உள்ளேயும் ஆறுதான் போகும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஓட்டிப் பார்த்த ரிம்மை எந்தக் கடைக்காரன் திரும்ப எடுப்பான்? ரபீக் தம்பி எடுத்துக்கொண்டு வேறு கொடுத்தார். சீவின டயரையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். வேண்டாம் என்றதற்கு, "அண்ணன் பேசறப்ப என்னைய நாலு வார்த்தை திட்டட்டுங்க, அது போதும்" என்றார்.

இந்த முறை அளவு பார்த்தது என் முறைப்படி. நங்கைக்குப் போன் போட்டு எல்லாரையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். "என்னைய எடைக்கல்லாட்டம் உக்கார வெக்கறீங்க, பாருங்க இந்தக் கூத்த!" என்று திட்டிக்கொண்டே பின் சீட்டில் ஏறினார். மடியில் ஒரு தூக்குப்போசி. தம்பிக்காக வெள்ளைத் துணியில் வடிகட்டிக் கொண்டுவந்த கம்மங்கஞ்சி.

மட்கார்டின் உள்விளிம்பு நாலிலும் என் ரோஸ் சாக்பீஸை அழுத்தித் தேய்த்தேன். டயர் தொட்டால் அதில் ரோஸ் கோடு விழும். எட்டுப் பேரையும் ஏற்றிக்கொண்டு கடைக்குப் பக்கத்துக் காலி மைதானத்தில் மேடு பள்ளமெல்லாம் விட்டேன். ஸ்டியரிங்கை வலது கடைசி வரை ஒடித்து ஒரு சுற்று, இடது கடைசி வரை ஒடித்து ஒரு சுற்று. பேரப்பிள்ளைகள் இன்னொரு ரவுண்டு என்று கத்தின. இறங்கிக் குனிந்து பார்த்தேன். நாலு டயரும் கருப்பாகவே இருந்தன. உட்பக்கமும் ரபீக் தம்பி படுத்துப் பார்த்தார், எங்கும் உரசவில்லை.

நங்கை என்னைப் பார்த்து, "நீ இருக்கறதனால என்ற தம்பியப் பத்தி எனக்குக் கவலை இல்லடி கண்ணு" என்றார். இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை. கஞ்சியை வாங்கிக்கொண்டேன். இவர் முழு டம்ளரும் குடித்தார்.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மேசையில் எழுத ஆரம்பித்தார். புது ரிம் மாட்டி ஐம்பது கிலோமீட்டர் ஓடின பிறகு நட்டை இன்னொரு முறை முடுக்கோணும். மழைக்காலத்துக்கு முன்னால் அலைன்மென்ட் பார்க்கோணும். அஞ்சு வருஷத்தில் டயர் தேயாவிட்டாலும் மாத்தோணும், ஏமாந்து பழைய டயரை வாங்கிவிடாதே, தேதி பார்த்து வாங்கு. மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை.

"அஞ்சு வருஷம் கழிச்சு நீங்களே போயி மாத்துங்க" என்று சொல்லி, ஈரத்துணியால் மொத்தத்தையும் துடைத்துவிட்டேன். அப்புறம் அடுப்படிக்குப் போய் அழுதேன். இவர் பின்னாலேயே வந்து நின்றார். பேசக்கூடாது என்பதால் நின்றுகொண்டு மட்டும் இருந்தார்.

நட்டை முடுக்கிவிட்டேன். நானேதான்.

பிப்ரவரி 20, வெள்ளி

கழுத்துத் தோல் கருத்து உரிகிறது. தண்ணீர் விழுங்கவும் வலி. நான் தூங்கி ரொம்ப நாளாகிறது, படுத்தால் இவர் மூச்சு விடுகிறாரா என்று கேட்டுக்கொண்டே கிடக்கிறேன். ஆனால் கார் நன்றாகப் போகிறது. நேராகப் போகிறது, அதிர்வே இல்லை. வேகத்தடையில் இவர் தொண்டைக்கு வலிக்காமல் ஏற்றி இறக்கப் பழகிவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

கடைசி நாள். ஒன்றுகூடத் தவறவில்லை!

மெஷின் ரூம் பையன்களுக்கும் நர்ஸுக்கும் பொள்ளாச்சி இளநீர் ஒரு குலை கொண்டுபோய்க் கொடுத்தேன். கதிர்வீச்சு கொடுத்த டாக்டர், "வீக்கம் வடியட்டும், ஏப்ரல் கடைசில உள்ள குழாய் விட்டுப் பாத்துச் சொல்றோம். அதுவரைக்கும் பேச்சு வேண்டாம்" என்றார். சரி என்று தலையாட்டினோம். அதுவரைக்கும் நாங்கள் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

ரசம் சாதம், குழைவாக, ஒரு கிண்ணம். எடை அறுபது. ரசத்தில் உப்பு குறைவு என்று முகத்தைச் சுளித்தார். ருசி திரும்பிவிட்டது போல. உப்பு குறைந்ததற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டவள் ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஏப்ரல் 23, வியாழன்

நாளைக்குப் பார்க்கிறார்கள். இரண்டு ஜாக்கெட்டுக்குக் கை மாற்றித் தைத்துவிட்டேன். பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

டாக்டர் மூக்கு வழியாகக் குழாயை விட்டுத் திரையில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் திரையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்தேன். "கட்டி இல்லம்மா. சுத்தமா இருக்கு. இனி மெதுவாப் பேசிப் பழகட்டும்" என்றார். நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். இவர் டாக்டரைப் பார்த்துக் கைகூப்பினார். வாய் திறக்கவில்லை, பயமாக இருந்திருக்கும்.

கார் நிறுத்துமிடத்தில் பையிலிருந்து சாவியை எடுத்தேன். இவர் கையை நீட்டினார்.

"சாவியக் குடு."

ஸ்டேஷன் சரியாகப் பிடிக்காத ரேடியோ மாதிரி கரகரவென்று இருந்தது. இவர் குரல்தான். மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று கேட்டு.

"ஏனுங்க, இன்னைக்கு வேண்டாம். நாளைக்கு ஓட்டிக்கலாம்" என்றேன்.

"குடு புள்ள."

கொடுத்தேன். இடது பக்கம் ஏறி உட்கார்ந்தேன். அந்த சீட்டில் உட்கார்ந்தே வெகு காலமாகிறது, காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. உக்கடத்தில் லாரிக்காரனை முந்தினபோது திட்டினேன். மாசாணிக்கும் ரபீக் தம்பிக்கும் நங்கைக்கும் டாக்டருக்கும் மனசுக்குள் ஒவ்வொருவருக்காக நன்றி சொல்லிக்கொண்டே வந்தேன். ஈச்சனாரிப் பிள்ளையாருக்குச் சொன்னது வரை ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் ஒன்றும் தெரியாது.

முழிப்பு வந்தபோது கார் எங்கள் வீட்டு முன்னால் வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தது. கண்ணாடிகளெல்லாம் இறக்கியிருந்தன. என் சீட்டைப் பின்னால் சாய்த்துவிட்டிருந்தார். வெயில் இறங்கிவிட்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படியே விட்டுவைத்தாரோ.

வெளியே நங்கை வந்து நின்று, என்ன ஆச்சு, டாக்டர் என்ன சொன்னார், சொல்லித் தொலையேன்டா என்று படபடவென்று கேட்டுக்கொண்டிருந்தார். கரகரத்த குரல் ஒன்று அவரை அடக்கியது.

"நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்கக்கா. சத்தம் போடாத. அவ தூங்கறா."

நான் முழித்துக்கொண்டதைச் சொல்லவில்லை. கண்ணை மூடியபடியே இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.